பைட்டோரெமிடியேஷன்: அகற்றலா, முறித்தலா, ஆற்றுதலா?

நண்பர்களுக்கு வணக்கம். செடிகளைக் கொண்டு மண்ணிலும் நீரிலும் உள்ள மாசைத் தீர்ப்பதுதான் பைட்டோரெமிடியேஷன். அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று இந்த மடலிழையில் நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> “தாவரவழி மாசகற்றல் என்று ஏற்கெனவே எழுதிவருகிறோமே, புதுச்சொல் எதற்கு?”

உலோகத்துக்கு அந்தச் சொல் போதும். காட்மியத்தைச் செடி உறிஞ்சுகிறது, செடியை அறுத்து அப்புறப்படுத்துகிறோம், மண்ணில் அந்த அளவு குறைந்துவிடுகிறது. அது அகற்றல்தான். ஆனால் இந்த இழையின் பேச்சு, வயல்களிலிருந்து வடிந்து கழிமுகச் சேற்றில் படியும் பூச்சிக்கொல்லியைப் பற்றியது. அலையாத்தியும் உமரியும் நாணலும் அங்கே செய்கிற வேலை வேறு.

டிடிடி என்கிற பூச்சிக்கொல்லி நீரில் கரைவது மிக அரிது. சேற்றின் மக்கிலும் வேரின் மேல்தோலிலும் ஒட்டிக்கொள்ளும், தண்டுக்கு ஏறுவது சொற்பம். அட்ரசின் என்கிற களைக்கொல்லி ஓரளவு கரையும், அதனால் நீரோடு சேர்ந்து இலைவரை போய்விடும். ஆக, டிடிடி கிடக்கும் சேற்றில் செடியை அறுத்தெடுப்பதால் அதிகம் பயனில்லை. நடக்கிற காரியமெல்லாம் வேரைச் சுற்றித்தான்.

அலையாத்தியின் இளவேர் ஒன்றைச் சேற்றிலிருந்து மெல்ல உருவிப் பாருங்கள். சுற்றிலும் அழுகிய முட்டை வாடையுள்ள கறுத்த சேறு, வேரின்மேல் மட்டும் துருநிறத்தில் மெல்லிய பூச்சு. மூச்சுவேர்கள் மேலிருந்து இறக்கிய ஆக்சிஜன் வேர்வழியே கசிந்து, சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்கியிருக்கிறது. அந்தச் சில மில்லிமீட்டருக்குள் ஆக்சிஜன் தேவைப்படும் நுண்ணுயிர்கள் வாழும். கொஞ்சம் தள்ளினால் ஆக்சிஜன் ஆகாதவை. வேரிலிருந்து ஊறும் சர்க்கரையும் அமிலங்களும் இரண்டு கூட்டத்துக்கும் தீனி. பூச்சிக்கொல்லி மூலக்கூறு உடைவது பெரும்பாலும் இவற்றின் கையால்தான். செடி அவற்றுக்கு வீடு கொடுத்துச் சோறும் போடுகிறது. ‘அகற்றல்’ என்ற சொல்லில் இது எதுவுமே தெரியவில்லை.

> “நஞ்சுமுறிப்பு எனலாமே?”

எனக்கு மிகவும் பிடித்த சொல். மூலக்கூறு முறிவதும் விஷம் முறிவதும் நமக்கு ஒரே வினைதான், இந்த வாய்ப்பு எல்லா மொழிக்கும் கிடைத்துவிடாது. ஆனால் பிடித்திருப்பதாலேயே இதைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று நினைக்கிறேன். டிடிடி சிதைந்து டிடிஈ ஆகிறது; மூலக்கூறு மாறிவிட்டது, நஞ்சு போகவில்லை. பறவை முட்டைகளின் ஓட்டை மெலியச் செய்தது அந்த டிடிஈதான். அதை நஞ்சுமுறிப்பு என்று எழுதினால் படிக்கிறவரை ஏமாற்றுகிறோம். வெறும் மாற்றத்துக்குச் ‘சிதைவு’, விளைபொருளின் நச்சுத்தன்மையும் குறைந்தால் மட்டும் ‘நஞ்சுமுறிப்பு’ என்று பிரித்து வைப்போம். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

சரி, எல்லாவற்றையும் தழுவும் பொதுச்சொல்? ‘தாவர மருத்துவம்’ என்றால் மூலிகை வைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். ‘நஞ்சாற்றல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். விஷத்தின் வலிமை என்று படித்துவிட்டேன், மற்றவர்களும் அப்படியே படிப்பார்கள். ஆனால் அவர் கைவைத்த வினை நல்ல வினை. புண்ணை ஆற்றுகிறோம், சூட்டை ஆற்றுகிறோம். பைட்டோரெமிடியேஷனின் பின்பாதியான லத்தீன் ‘ரெமீடியம்’ என்பதற்கும் மருந்து, பரிகாரம் என்றே பொருள். ஆறுவதற்கு நாளாகும் என்ற உணர்வும் அதற்குள் இருக்கிறது. டிடிடி மண்ணில் பாதியாகக் குறையவே 2 முதல் 15 ஆண்டுகள் ஆகலாம் என்கிறபோது இது சின்ன விஷயமில்லை. ‘அகற்றல்’ என்று எழுதினால் நாற்று நட்டதும் வேலை முடிந்தது என்று யாரும் நம்பிவிடலாம்.

ஆகவே என் முன்மொழிவு ‘தாவர மாசாற்றுகை’. ‘கை’ விகுதி போட்டால் வலிமை என்ற குழப்பம் வராது. இதன் கீழே, செடி உறிஞ்சி மேலே கொண்டுபோவது உறிஞ்சேற்றம், நகரவிடாமல் சேற்றோடு பிடித்துவைப்பது வேர்ப்பிணிப்பு, வேரைச் சுற்றி நுண்ணுயிர்கள் செய்வது வேரடிச் சிதைவு, இலைவழியே காற்றில் விடுவது ஆவிப்போக்கு. கடைசியில் சொன்னதில் மாசு இடம் மாறுகிறதே தவிரத் தீரவில்லை, அதனால் ‘நீக்கம்’ என்பதை அங்கே வேண்டுமென்றே தவிர்த்தேன்.

வேரைச் சுற்றிய அந்தத் துருநிற மண்ணுக்கு ‘வேர்மண்டலம்’ என்று சில நூல்களில் பார்த்திருக்கிறேன். மண்டலம் என்றால் கண்ணுக்குப் பெரிதாக விரிகிறது, இருப்பதோ சில மில்லிமீட்டர். ‘வேரடி’ போதும் என்று எனக்குப் படுகிறது. தாவரவியல் கற்பிக்கிறவர்கள் இதில் கருத்துச் சொன்னால் அடுத்த மடலில் பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்.