வெளியில் ஸ்டீரியோ மாட்டினால் ஸ்டீரிங்குக்கு வாரண்டி கிடையாதா?

மலைக்கோட்டை:
திருச்சியில் இருக்கிறேன். பெட்ரோல் கார், எல்லாம் சேர்த்து 11 லட்சத்து 40 ஆயிரம். வாங்கி இரண்டேகால் வருடம், ஓடியது 34,000 கிலோமீட்டர். வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். சர்வீஸ் ஒன்றுகூடத் தவறியதில்லை.

போன மாதம் பாலக்கரை ரவுண்டானாவில் வளைக்கும்போது ஸ்டீரிங் கல்லாகிவிட்டது. டேஷ்போர்டில் மஞ்சளாக ஸ்டீரிங் விளக்கு. பின்னால் டவுன் பஸ் ஹாரன். இரண்டு கையாலும் இழுத்து ஓரம் கட்டினேன். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், பவர் ஸ்டீரிங் மோட்டாரோடு ஸ்டீரிங் காலம் (column, சக்கரத்துக்குக் கீழே இருக்கும் தண்டுப் பகுதி) முழுவதையும் மாற்ற வேண்டுமாம், 62,000 ரூபாயாம். வாரண்டி என்றேன். 'வெளியில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டியிருக்கிறீர்கள், வாரண்டி ரத்து' என்கிறார்கள். ஸ்டீரியோவுக்கும் ஸ்டீரிங்குக்கும் என்ன சம்பந்தம்? எழுதிக் கொடுங்கள் என்றேன். ஜாப் கார்டின் ஓரத்தில் பேனாவால் 'வெளி ஃபிட்டிங் உள்ளது, வாரண்டி பொருந்தாது' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

ஸ்பேனர்:
சார், 11 வருடம் சர்வீஸ் அட்வைசராக இருந்து வெளியே வந்தவன் நான். டீலரைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வாரண்டிப் பணம் டீலர் கையில் இல்லை. அவர்கள் பாகத்தை மாற்றிவிட்டு கம்பெனிக்கு க்ளெயிம் போட வேண்டும். கம்பெனி ஆடிட்டர் வந்து போட்டோவைப் பார்ப்பார், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்பார். டேஷ்போர்டுக்குள் வெட்டிய வயர் கண்ணில் பட்டால் க்ளெயிமை அடித்துவிட்டு டீலர் கணக்கில் கழித்துவிடுவார். எந்த அட்வைசர் அந்த ரிஸ்க்கை எடுப்பான்?

அப்புறம், சம்பந்தம் என்ன என்று கேட்டீர்கள். ஸ்டீரிங்கில் இருக்கும் பட்டன் வேலை செய்ய அந்த ஸ்டீரியோவோடு ஒரு கேன் பாக்ஸ் வந்திருக்கும். அது காரின் கேன் (CAN) லைனில்தான் பேசும், அதாவது காரில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வயரில். எஞ்சின் ஓடுகிறதா, வேகம் என்ன என்ற தகவலெல்லாம் பவர் ஸ்டீரிங்குக்கும் அந்த லைனில்தான் வருகிறது. மலிவான பாக்ஸ் லைனைக் குழப்பினால் எதுவும் நடக்கும்.

மலைக்கோட்டை:
'எதுவும் நடக்கும்' என்பதற்கும் 'இதுதான் நடந்தது' என்பதற்கும் வித்தியாசம் இல்லையா? ஸ்டீரியோ மாட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு தடவை இதே சென்டரில் சர்வீஸ் விட்டேன். அப்போது யார் கண்ணுக்கும் படவில்லையா?

வழக்குக்கட்டு:
சரியான கேள்வி. இதில் பலருக்குத் தெரியாத ஒரு உத்தரவு இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிபாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்த விவகாரம். அதிலேயே வாரண்டி பற்றியும் சொன்னார்கள். வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது. அந்த வெளி வேலையால் எந்த அளவுக்குச் சேதம் ஆனதோ அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம்.

ஸ்பேனர்:
அந்த உத்தரவு மேல்முறையீட்டுக்குப் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள் வக்கீல் சார். அபராதத் தொகை தீர்ப்பாயத்திலேயே மாறியது. அதோடு அது வெளி மெக்கானிக்கிடம் ரிப்பேர் பார்த்தவர்களைப் பற்றியது. இவர் செய்தது மாற்றம். வாரண்டி புத்தகத்தில் 'மாற்றங்களால் ஏற்படும் பழுது சேராது' என்று தனி வரியே இருக்கும்.

வழக்குக்கட்டு:
நான் வக்கீல் இல்லை, ஒரு ஃப்ரிட்ஜ் கேஸை நானே நடத்தி ஜெயித்தவன். நீங்கள் எழுதிய வரியையே இன்னொரு முறை படியுங்கள்: 'மாற்றங்களால் ஏற்படும்' பழுது. மாற்றம் இருந்தாலே போச்சு என்று அதில் இல்லை.

பழைய டீசல்:
இரண்டு பேரும் சட்டம் பேசி முடிப்பதற்குள் இவர் கார் துருப்பிடித்துவிடும். ஸ்டீரிங் காலத்தை ரீகண்டிஷன் செய்யும் ஆட்கள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். எனக்கு 14,000 ஆனது. கார் ஓடுகிறது, தூக்கம் வருகிறது.

வழக்குக்கட்டு:
அண்ணே, வெளியில் பிரித்தால் ஆதாரமும் அங்கேயே போச்சு. கழற்றிய பாகம் இல்லாமல் எதை வைத்து வாதாடுவது?

மலைக்கோட்டை, 62,000 எனும்போது பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 10 முதல் 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருடம் டைம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து பதிந்து வையுங்கள். பாதி கம்பெனிகள் அங்கேயே இறங்கி வரும்.

டீலரையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்க்கட்சியாகப் போடுங்கள், ஆளுக்கு என்ன தவறு என்று தனித்தனியாக எழுதுங்கள். 2021-இல் டாடா மோட்டார்ஸ் வழக்கில், பழைய மாடலைப் புதிது என்று தள்ளிவிட்டது டீலர். கம்பெனிக்கு அதில் பங்கு இருந்ததாகக் காட்டவில்லை என்று உச்ச நீதிமன்றம் கம்பெனியை விட்டுவிட்டது.

ஸ்பேனர்:
400 ரூபாய் கட்டணத்தைச் சொன்னவர் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். சட்டத்தில் 3 மாதம், லேப் பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று இருக்கிறது. உங்கள் ஃப்ரிட்ஜ் கேஸ் எத்தனை மாதம் ஓடியது?

வழக்குக்கட்டு:
26 மாதம். மறைக்கவில்லை. புது கார் வேண்டும் என்றும் கேட்காதீர்கள். 2006-இல் மாருதி வழக்கிலேயே, வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றத்தான், காரை மாற்ற அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஸ்பேனர்:
சரி, நான் கட்சி மாறவில்லை, ஆனால் வழி சொல்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேளுங்கள், பிரிண்ட் எடுத்து. காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுது கோடு (code) அதில் இருக்கும். சி-யில் ஆரம்பிக்கும் கோடு என்றால் ஸ்டீரிங், பிரேக் பக்கம். யு-வில் ஆரம்பித்தால் ஒரு பெட்டி இன்னொரு பெட்டியோடு பேச முடியாமல் போனது. வெறும் யு கோடு என்றால் உங்கள் ஸ்டீரியோக்காரனைப் போய்ப் பிடியுங்கள். கூடவே ஸ்டீரியோவைக் கழற்றி உள்ளே வயரை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். கப்ளருக்குக் கப்ளர் (வயர் முனையில் இருக்கும் பிளக்) மாட்டியதா, வயரைச் சீவி முறுக்கியதா என்று பார்க்கலாம்.

மலைக்கோட்டை:
மூன்று தடவை அலைந்து ரிப்போர்ட் வாங்கிவிட்டேன். இரண்டு கோடு இருக்கிறது. சி கோடு: டார்க் (torque) சென்சார், அதாவது ஸ்டீரிங்கை எவ்வளவு விசையோடு திருப்புகிறோம் என்று அளப்பது, இப்போதும் உள்ள பழுது, பதிவானது 34,010 கிலோமீட்டரில். யு கோடு: பழையது, 21,300-இல்.

போட்டோவும் எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் கப்ளர்தான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். ஆனால் ரிவர்ஸ் கேமராவுக்காக ரிவர்ஸ் லைட் வயரைச் சீவி முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார். வெயிலில் அந்த டேப்பின் பசை வழிந்து விரலெல்லாம் ஒட்டுகிறது.

ஸ்பேனர்:
இதைத்தான் சொன்னேன். ஆடிட்டருக்கு இந்த ஒரு டேப் போதும்.

வழக்குக்கட்டு:
ஆணையத்துக்குப் போதாது. ரிவர்ஸ் லைட் வயரில் முறுக்கினால் ஸ்டீரிங் காலத்துக்குள் இருக்கும் டார்க் சென்சார் எப்படிக் கெடும்? நீங்களே சொல்லுங்கள்.

ஸ்பேனர்:
கெடாது. 21,300 ஸ்டீரியோ மாட்டிய நாளாக இருக்கும், பேட்டரியைக் கழற்றாமல் வேலை பார்த்திருப்பான், அந்த யு கோடு அதனால் வந்தது. 12,700 கிலோமீட்டர் கழித்து வந்த சி கோடு தனிக் கதை. நான் அந்த சீட்டில் இருந்திருந்தால் வயரைச் சரிசெய்ய வைத்து, அதன் பிறகு க்ளெயிம் போட்டிருப்பேன். ஆனால் 'வாரண்டி ரத்து' என்று எழுதியவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். சம்பளத்தில் பிடித்தால் தெரியும்.

மலைக்கோட்டை:
அவர் சம்பளத்தைக் காப்பாற்ற நான் ஏன் 62,000 கட்ட வேண்டும் என்பதுதான் என் கேள்வியே.

சரி, புதுச் செய்தி. ரிப்போர்ட்டை இணைத்து கம்பெனிக்கு மெயில் போட்டேன். ஏரியா மேனேஜர் போன் செய்தார். 'நல்லெண்ண அடிப்படையில்' பாகத்தின் விலையில் 50 சதவீதம் அவர்கள் தருவார்களாம்.

பழைய டீசல்:
வாங்கிக்கொண்டு ஓடுங்கள் தம்பி.

ஸ்பேனர்:
முதல் போனில் 50 என்றால் 75 வரை போவார்கள். லேபர் சார்ஜையும் தள்ளச் சொல்லுங்கள்.

வழக்குக்கட்டு:
எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். 'முழுமையான தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு தாள் வரும். நாளைக்கு வழக்கு என்றால் முதலில் அதைத்தான் நீட்டுவார்கள்.

மலைக்கோட்டை:
80 சதவீதத்துக்கு வந்திருக்கிறார்கள், லேபர் இலவசம். நீங்கள் சொன்ன தாளும் வந்தது. 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' வரியைக் கோடு போட்டு அடித்து, 'மீதித் தொகையை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அட்வைசர் அதைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போய் 40 நிமிடம் ஆகிறது. இதற்குள் இரண்டு டீ கொடுத்துவிட்டார்கள். இந்த சென்டரில் இதற்கு முன் எனக்கு யாரும் டீ கொடுத்ததில்லை.