சிங்கப்பூர் வாடகை வீடு: கமிஷன் யார் தலையில்?

கேள்வி: உட்லண்ட்ஸில் எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீடு, இரண்டு வருட ஒப்பந்தம். வீட்டுக்காரர் வைத்த ஏஜென்ட் என்னிடமும் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்கிறார், அதுவும் பேநவ்வில் (போன் நம்பருக்கே பணம் அனுப்பும் வசதி) தன் சொந்த நம்பருக்கு அனுப்பச் சொல்கிறார். கொடுக்கணுமா?

பதில் 1: கொடுக்காதீங்க. ஒரே ஏஜென்ட் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்க இங்கே சட்டம் விடாது. நீங்களாக ஒருத்தரை அமர்த்தினால்தான் அது உங்கள் செலவு, இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் என்பதுகூட வழக்கம்தான், விதி கிடையாது, தாராளமாகப் பேரம் பேசலாம்.

பதில் 2: கமிஷன் ஏஜென்சி கணக்குக்குத்தான் போகணும். டெபாசிட்டையும் வீட்டுக்காரருக்கே நேராகக் கொடுங்கள், எச்டிபி வாடகைப் பணத்தை ஏஜென்ட் கையால் தொடக்கூடாது. 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணைக் கேட்டு, வீட்டு ஏஜென்ட்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சிஇஏ-வின் தளத்தில் பாருங்கள்.

கேட்டவர்: நேற்றே எண்ணைக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தது, அப்புறம் பேச்சே இல்லை.