இன்டர்நேஷனல் கிறிஸ்டியன் ப்ரெப் ஸ்கூல்ல பையனை சேர்க்கலாமா? அவங்க போட்டிருக்க நோக்கம், வேல்யூஸ் எல்லாம் எப்படி எடுத்துக்கறது?

குடவாசல்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க குடவாசல் பக்கம் ஒரு கிராமம், வீட்டுக்காரர் தோஹால வேலை பாக்குறாரு, பையன் ரெண்டாவது முடிக்கப் போறான். கும்பகோணம் போற வழியில புதுசா ஒரு இன்டர்நேஷனல் கிறிஸ்டியன் ப்ரெபரேட்டரி ஸ்கூல் ஆரம்பிச்சிருக்காங்க, எல்கேஜிலேர்ந்து எட்டாவது வரைக்கும், கேம்பிரிட்ஜ் சிலபஸ்னு சொல்றாங்க. ப்ராஸ்பெக்டஸ் வாங்கிட்டு வந்து ராத்திரி உக்காந்து முழுசா படிச்சேன்.

மொத ரெண்டு பக்கமும் நோக்கம்தான். ஒவ்வொரு புள்ளையும் கடவுளோட சாயல்ல படைக்கப்பட்டதுன்னு மதிப்போம், அறிவு உடம்பு ஆன்மா எல்லாத்தையும் சேத்து வளர்ப்போம், கிறிஸ்து காட்டின வழியில சேவை செய்யற தலைவர்களா ஆக்குவோம், உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் நிக்கற மாதிரி தயார் பண்ணுவோம்னு போட்டிருக்கு. அப்பறம் வேல்யூஸ்னு அன்பு, சந்தோஷம், சமாதானம், பொறுமை, தயவுன்னு ஒம்போது இருக்கு. தினமும் காலைல ஜெபம், வாரத்துல ஒரு நாள் சேப்பல், அதாவது ஸ்கூல்லயே நடக்கற கிறிஸ்தவ வழிபாடு.

நாங்க ஹிந்து குடும்பம். வீட்டுக்காரர் மிஷன் ஸ்கூல்ல படிச்சவருதான், அவருக்கு ஒரு தயக்கமும் இல்ல. எங்க மாமியார்தான் புள்ள விபூதி வச்சிட்டுப் போனா அழிக்கச் சொல்லுவாங்களான்னு கேக்குறாங்க. எனக்கு அதவிட பெரிய கேள்வி ஒன்னு இருக்கு. படிக்கறதுக்கு ரொம்ப நல்லா இருக்கற இந்த வார்த்தையெல்லாம் நிஜமா நடக்குதான்னு சேக்கறதுக்கு முன்னாடியே எப்படி தெரிஞ்சிக்கறது? ஃபீஸ் எங்களுக்கு சின்ன தொகை இல்ல, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மன்னை_ராஜி:

அக்கா, என் பொண்ணு திருச்சி பக்கம் இதே மாதிரி ஒரு ஸ்கூல்லதான் படிக்கிறா, பேரு வேணாம். விபூதி பொட்டுக்கெல்லாம் அங்க யாரும் ஒன்னும் சொன்னதில்ல, பூ மட்டும் எந்தப் புள்ளையும் வைக்கக்கூடாது. காலைல டிவோஷன் கொஞ்ச நேரம்தான், ஒரு பாட்டு, ஒரு பைபிள் கதை, அப்பறம் கிளாஸ். நீங்க சொன்ன ஒம்போதும் ஆவியின் கனின்னு பைபிள்ல கலாத்தியர்ல வர்றது, நிறைய கிறிஸ்டியன் ஸ்கூல்ல மாசத்துக்கு ஒன்னுன்னு எடுத்து அத வச்சே கதை, டிராமா, சார்ட் எல்லாம் பண்ணுவாங்க. எங்க வீட்ல பொறுமை மாசம் வந்தப்ப அவ தம்பிகிட்ட சண்டை போடாம இருந்தத பாத்து எங்க அம்மாவே ஆச்சரியப்பட்டாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது, புதுசா சேந்த புள்ளைக்கு துணையா இன்னொரு புள்ளைய போட்டுடுவாங்க, சாப்பிடறது பாத்ரூம் போறது எல்லாத்துக்கும் கூடவே இருக்கும். இங்கிலீஷ் தெரியாம அழுத ஒரு பொண்ணு சீக்கிரமே சிரிச்சிக்கிட்டு வர ஆரம்பிச்சிட்டா. மனசு கஷ்டமான விஷயமும் ஒன்னு இருக்கு அக்கா. தமிழ்ல பேசினா பேர எழுதி வச்சி பேரன்ட்ஸ் மீட்டிங்ல வாசிக்கிறாங்க. சாமி கொடுத்த சாயல்னு மொத பக்கத்துல எழுதிட்டு அந்தப் புள்ள வீட்ல பேசற பேச்சுக்கு தண்டனை குடுக்கறது எப்படி சரியாகும்னு பிரின்சிபால் கிட்டயே கேட்டேன், ஸ்பீக்கிங் ஸ்கில்லுக்காகன்னு சொல்லிட்டாங்க.

பொறையார்_வாத்தியார்:

வணக்கம்மா. நான் மிஷன் பள்ளிக்கூடத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், எனக்கு இந்த விஷயத்துல சொல்றதுக்கு நிறைய இருக்கு, கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கங்க.

கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் நம்ம டெல்டாவுக்கு புதுசு இல்ல. 1706 ஜூலைல சீகன்பால்குன்னு ஒரு ஜெர்மன் மிஷனரி தரங்கம்பாடில வந்து எறங்கினாரு. அவரு பாடம் சொல்லிக் குடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நம்ம ஊர் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களோட தரையில உக்காந்து மணல்ல விரல விட்டு அ ஆ எழுதிப் படிச்சாரு. அதுக்கப்பறம்தான் பள்ளிக்கூடம், 1707லயே பொம்பளப் புள்ளைங்களுக்கும் சேத்து. அச்சுக்கூடம் வந்துச்சு, 1714ல புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சாக ஆரம்பிச்சுது, பேப்பருக்காக எங்க பொறையார்ல கடுதாசிப்பட்டறையே போட்டாங்க. நம்ம சாமிங்கள பத்தி 1713ல ஒரு பெரிய புஸ்தகமும் எழுதினாரு, ஜெர்மனியில இருந்தவங்க அத அச்சடிக்கப் பிரியப்படல, 1867லதான் வெளிய வந்துச்சு. 36 வயசுல செத்துப்போன மனுஷன் அவரு. மதம் பரப்பத்தான் வந்தாரு, அத அவரும் மறைக்கல நானும் மறைக்கல. ஆனா சொல்லிக் குடுக்க வந்தவரு மொதல்ல கத்துக்க உக்காந்தாரு பாருங்க, ஒரு ஸ்கூலோட வேல்யூன்னு நான் அதைத்தான் சொல்லுவேன். தமிழ் பேசினா பேர எழுதற ஸ்கூல் எத்தனை பைபிள் வசனத்த செவுத்துல ஒட்டினாலும் அவருக்கு வாரிசு ஆக முடியாது, இத கோவமாவே சொல்றேன்.

ரெண்டாவது, தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயர், அவரும் ஜெர்மன் மிஷனரிதான். சரபோஜி ராஜா சின்னப் புள்ளையா இருக்கும்போது அவரோட உயிருக்கும் உரிமைக்கும் ஆபத்து வந்தப்ப காபந்தா நின்னவரு, 1793ல படிக்கிறதுக்காக மெட்ராசுக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணவரு. அந்த சரபோஜி கடைசி வரைக்கும் ஹிந்துவாத்தான் இருந்தாரு, சரஸ்வதி மகால் லைப்ரரிய அந்த அளவுக்கு வளத்தவரு அவருதான். 1798ல சுவார்ட்ஸ் செத்ததும் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேன் கிட்ட சொல்லி பளிங்குல ஒரு நினைவுச் சின்னம் செய்ய வச்சாரு, சிவகங்கைப் பூங்கா பக்கத்து சர்ச்ல இன்னிக்கும் இருக்கு, சாகக் கெடக்கற வாத்தியார் கட்டில் பக்கத்துல ராஜா நிக்கற மாதிரி. தஞ்சாவூர் போனா பையனக் கூட்டிட்டுப் போய் காட்டுங்க. மதம் மாத்தாமலே ஒரு புள்ளைய ஆளாக்க முடியும்னு அதுக்கு மேல சாட்சி வேணுமா?

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். தலைமடை வயலுக்கு தண்ணி தானா வந்துரும், ஆறு நல்லா ஓடுதான்னு தெரியணும்னா கடைமடைக்குப் போய் பாக்கணும். ஸ்கூலும் அப்படித்தான். ஃபர்ஸ்ட் ரேங்க் புள்ளைய எல்லா ஸ்கூலும் நல்லா நடத்தும். கணக்கு வராத புள்ளைய என்ன பண்றாங்க, ஃபீஸ் லேட்டா கட்டின வீட்டுப் புள்ளைய கிளாஸுக்கு வெளிய நிக்க வைக்கிறாங்களா, ஆயாம்மாவ டீச்சருங்க எப்படி கூப்புடுறாங்க, வான் டிரைவருக்கு உக்கார ஒரு எடம் இருக்கா, இதப் பாருங்க. கடவுளோட சாயல்னு எழுதினது ஆயாம்மாவுக்கும் சேத்துத்தான். அடிக்கறது சட்டப்படியே தடை, அதனால அடிப்பீங்களான்னு கேக்காதீங்க, இல்லன்னுதான் சொல்லுவாங்க. புள்ள தப்பு பண்ணா என்ன செய்வீங்கன்னு கேட்டுட்டு சும்மா இருங்க, அவங்களே சொல்லட்டும்.

தஞ்சை_அப்பா:

வாத்தியார் ஐயா சொன்னத முழுசா ஒத்துக்கறேன், ஆனா ஒன்னு வெளிப்படையா சொல்லணும். நாங்க கிறிஸ்தவ குடும்பம், என் பசங்களும் இந்த மாதிரி ஸ்கூல்தான். சிஸ்டர், இந்த இன்டர்நேஷனல் கிறிஸ்டியன் ஸ்கூலும் நம்ம பழைய மிஷன் ஸ்கூலும் ஒன்னு இல்ல. மிஷன் ஸ்கூல்ல மாரல் கிளாஸ் ஒன்னு இருக்கும், மத்ததெல்லாம் கவர்மென்ட் பாடம். இவங்கள்ல நிறைய பேரு எல்லாப் பாடத்தையும் பைபிள் பார்வையில சொல்லித் தர்றதுதான் நோக்கம்னே வச்சிருப்பாங்க, டீச்சருங்க விசுவாச அறிக்கைல, அதாவது நான் இன்னின்னத நம்பறேன்னு எழுதின தாள்ல, கையெழுத்து போட்டுத்தான் வேலைக்கு சேருவாங்க. கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1901ல ஆரம்பிச்சதே மிஷனரிங்க புள்ளைங்களுக்காகத்தான், ஊட்டி ஹெப்ரான் ஸ்கூலும் அந்தக் காலத்துலேர்ந்து வர்றதுதான். அந்த வழி வந்த ஸ்கூலுங்களுக்கு விசுவாசம் ஓரமா ஒட்டின விஷயம் இல்ல, நடுவுல இருக்கறது.

அது தப்புன்னு நான் சொல்லல, எனக்கு அதுதான் வேணும். ஆனா உங்க வீட்டுக்கு அது ஒத்து வருமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். சயின்ஸ்ல பரிணாமத்த எப்படி நடத்துவீங்க, மத்த மதத்தப் பத்தி கிளாஸ்ல என்ன சொல்லுவீங்கன்னு நேரடியாவே கேளுங்க, நல்ல ஸ்கூல்னா கோச்சிக்க மாட்டாங்க. அட்மிஷன் நேரத்துல எங்களுக்கு எல்லா மதமும் ஒன்னுதான் மேடம்னு வழுக்கலா பேசினா அங்கதான் எனக்கு சந்தேகம் வரும். தான் யாருன்னு சொல்ல தைரியம் இல்லாத ஸ்கூல் நேர்மைய எப்படி சொல்லிக் குடுக்கும்?

சட்டப்படியும் உங்களுக்கு உரிமை இருக்கு. அரசியல் சாசனம் 28 மூணாவது உட்பிரிவு பிரகாரம், அரசு அங்கீகாரம் வாங்கின ஸ்கூல்ல படிக்கற மைனர் புள்ளைய அப்பா அம்மா சம்மதம் இல்லாம மத போதனைலயோ வழிபாட்டுலயோ கலந்துக்க வைக்க முடியாது. சேப்பல் நேரத்துல வராத புள்ளைங்க எங்க இருப்பாங்க, யாரு பாத்துப்பாங்கன்னு கேளுங்க. லைப்ரரில உக்கார வைப்போம்னா சரி, வராண்டாவுல நிக்கும்னா சரி இல்ல.

திருவாரூர்_பாலு:

அக்கா, சுருக்கமா ரெண்டே விஷயம். எட்டாவது வரைக்கும்தான்னு சொன்னீங்க. இங்கிலாந்துல ப்ரெப் ஸ்கூல் பொதுவா 13 வயசு வரைக்கும்தான், அங்க அடுத்து போறதுக்கு பெரிய ஸ்கூலுங்க வரிசையா இருக்கு. நம்ம பக்கம் ஒம்போதாவதுக்கு ஸ்டேட் போர்டோ சிபிஎஸ்இயோ மாறணும்னா என்ன பண்ணுவீங்க? ஸ்டேட் போர்டுன்னா பத்தாவதுல தமிழ் எழுதியே ஆகணும், அதனால தமிழ் வாரத்துக்கு எத்தனை பீரியட், யாரு எடுக்கறாங்கன்னு இப்பவே கேட்டுருங்க.

இன்னொன்னு, 2004 ஜூலை 16 கும்பகோணத்துல நடந்த ஸ்கூல் தீ விபத்த நாம யாரும் மறக்கல, 94 புள்ளைங்க செத்துப்போச்சு. அன்பு, அக்கறைன்னு எழுதற ஸ்கூல்ல மாடிப்படி எத்தனை, கதவு வெளிப்பக்கம் தொறக்குதா, சமையல் எங்க நடக்குது, ஃபயர் சர்டிஃபிகேட் இந்த வருஷத்துதான்னு நேர்ல பாத்துட்டு வாங்க. என்னப் பொறுத்தவரைக்கும் மொத வேல்யூ அதுதான்.

குடவாசல்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வீட்டுக்காரர்கிட்ட ஃபோன்லயே எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டிட்டேன். இன்னைக்கு ஸ்கூலுக்கு ஃபோன் போட்டு கேட்டேன். நாங்க கிறிஸ்தவ ஸ்கூல்தான் மேடம், பைபிள் கிளாஸ் உண்டு, சேப்பலுக்கு சம்மத ஃபார்ம் தருவோம், வேணாம்னா அந்த நேரம் ரீடிங் ரூம்ல டீச்சர் கூட இருப்பான்னு தெளிவா சொன்னாங்க, அது எனக்கு பிடிச்சிருந்துச்சு. மாமியார் கேள்வியையும் கேட்டேன், விபூதிக்கு தடை இல்லையாம். தமிழ் பத்தி கேட்டதும்தான் வாரத்துக்கு ரெண்டு பீரியட், டீச்சர் இன்னும் போடலன்னாங்க. சனிக்கிழமை வந்து பாருங்கன்னு கூப்பிட்டிருக்காங்க, மாமியாரையும் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன்.

பொறையார்_வாத்தியார்:

சனிக்கிழமை புள்ளைங்க இருக்காதும்மா, வெறும் கட்டடத்ததான் காட்டுவாங்க. வேலை நாள்ல மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கற நேரத்துக்கு வர்றேன்னு சொல்லுங்க, ஒத்துக்கறாங்களான்னு பாருங்க. தமிழ் டீச்சர போட்டப்பறம் அட்வான்ஸ் கட்டறேன்னும் சொல்லிருங்க. மாமியார கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க.