பெரியப்பா கிட்டாரும் என் பெல்ட் பக்கிளும்

குரூப்: மேலச்சிந்தாமணி வீடு 🏠
சனிக்கிழமை, இரவு 9:12

பெரியப்பா: (போட்டோ)

பெரியப்பா: இது யாரு வேலை

சுமதி அத்தை: என்னண்ணே இது தரையா? கண்ணாடி போடல ஒன்னும் தெரியல

செந்தில் சித்தப்பா: டைனிங் டேபிளா?

பெரியப்பா: கிட்டார். பின்பக்கம். நடுவுல ரெண்டு இன்ச்சுக்கு ஒரு கீறல், டார்ச் அடிச்சு சாய்ச்சு பார்த்தா பக்கத்துலயே இன்னும் மூணு சின்னது. 2002லேந்து இல்லாதது போன ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் எப்படி வந்துச்சு

வித்யாக்கா: அப்பா அது பெல்ட் பக்கிள். வாசிக்கறவன் இடுப்புக்கு நேரா வர்ற இடம் பாருங்க

வித்யாக்கா: @அருண் 👀

நான்: பெரியப்பா நான்தான். போன வாரம் வந்தப்ப ஒரு மணி நேரம் வாசிச்சேன்ல, பெல்ட்ட கழட்டணும்னு தோணவே இல்ல, சாரி பெரியப்பா. சத்தியமா அப்ப தெரியல, தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேன்

பெரியப்பா: ம்

சுமதி அத்தை: "ம்" வந்துருச்சு. இனி மூணு நாளைக்கு மனுஷன் வாய தொறக்க மாட்டாரு

அம்மா: மாமா மன்னிச்சுக்கங்க, நான் அப்பவே சொன்னேன் அத தொடாதடான்னு, எங்க கேக்கறான். பாலிஷ் போட்டா போயிடுமா? எங்க தெருவுல ஒரு ஆசாரி இருக்காரு கதவுக்கெல்லாம் அருமையா பண்ணுவாரு

பெரியப்பா: கதவா

வித்யாக்கா: சித்தி ப்ளீஸ் ஆசாரி வேணாம் 😂 அது மேல இருக்கற பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், முட்டைத்தோல் மாதிரி மெல்லிசா இருக்கும், கதவு வார்னிஷ அது மேல அடிச்சா அத்தோட முடிஞ்சுது

செந்தில் சித்தப்பா: அது என்ன விலை இப்ப

நான்: மார்ட்டின் டி-28 சித்தப்பா, அமெரிக்க கம்பெனி கிட்டார். புதுசு வாங்கணும்னா மூணு லட்சத்துக்கு மேல

செந்தில் சித்தப்பா: 😳 மூணு லட்சத்த காலேஜ் பையன் கையில குடுத்தது யாரு

பெரியம்மா: நான்தான் பீரோ சாவி எடுத்து குடுத்தேன். என்னைய திட்டுங்க

செந்தில் சித்தப்பா: அண்ணி உங்கள சொல்லல

நான்: இந்த நேரத்துல கேக்கக் கூடாதுன்னு தெரியும் ஆனா இன்னைக்கு கேக்கலன்னா எப்பவும் கேக்க முடியாது. அடுத்த மாசம் காலேஜ் கல்ச்சுரல்ஸ், நாங்க அஞ்சு பேரு பேண்டு, என்கிட்ட இருக்கற ஆறாயிரம் ரூபா கிட்டார்ல மைக் வச்சா தகரத்த தட்டுற மாதிரி வருது. பெரியப்பா ஒரே ஒரு நாள் டி-28 தர்றீங்களா

அம்மா: டேய்

செந்தில் சித்தப்பா: கீறிட்டு கேக்கறான் பாரு 🤣

வித்யாக்கா: தைரியம்டா உனக்கு

சுமதி அத்தை: கேக்கறதுல என்ன தப்பு, பீரோவுல வச்சு பூட்டி யாரு கேக்கப் போறா அத. எங்க வீட்டு வீணை கதை உங்க எல்லாருக்கும் தெரியும்ல

வித்யாக்கா: தெரியாது அத்தை சொல்லுங்க

சுமதி அத்தை: எங்க மாமியாரோட வீணை, தஞ்சாவூர்ல பண்ணினது, ஏகாண்ட வீணை, அதாவது ஒரே பலா மரத்துல குடமும் தண்டியும் சேத்து குடைஞ்சது ஒட்டு கிடையாது. அவங்க போனதும் ஹால்ல கண்ணாடி ஷோகேஸ் செஞ்சு உள்ள வச்சுட்டோம், வர்றவங்க எல்லாம் ஆஹா ஓஹோம்பாங்க. ஜன்னல் வெயில் நேரா அதுமேலதான் விழும், யாரும் அத யோசிக்கல. வீணையில மெட்டு, அதான் கம்பிக்கு அடியில குறுக்க வரிசையா இருக்கற கட்டை, எல்லாம் மெழுகுலதானே பதிச்சிருக்கும், கண்ணாடிக்குள்ள சூடு ஏறி மெழுகு இளகி 24 மெட்டும் ஆளுக்கொரு பக்கமா சாஞ்சு போச்சு. வாசிச்சிட்டு இருந்தா சுருதி பிசகுதேன்னு அப்பப்ப மேளம் கட்ட, அதாவது மெட்ட சரி பண்ணி திரும்ப பதிக்க, ஆள கூப்பிட்டிருப்போம், பாக்கறதுக்கு மட்டும்னு ஆனதுக்கு அப்புறம் யாரு கவனிக்கறா. கடைசியில பேத்தி கத்துக்கறேன்னு சொன்னப்ப எடுத்தா தண்டியில விரிசல்

பெரியம்மா: அய்யோ அது தெரியாதே சுமதி எனக்கு

சுமதி அத்தை: வெளிய சொல்லல அண்ணி. வெட்கம்

நான்: அத்தை 🙏🙏 நீங்க என் கட்சி

சுமதி அத்தை: நான் யார் கட்சியும் இல்ல. நீ பெல்ட்டோட வாசிச்சது தப்புதான்

வித்யாக்கா: அப்பா நான் ஒன்னு சொல்றேன் கோவப்படாதீங்க. வில்லி நெல்சன்னு அமெரிக்க நாட்டுப்பாடகர் இருக்காரே, அவரு 1969ல வாங்கின கிட்டார இன்னும் மேடைக்கு கொண்டு போறாரு, அதுவும் மார்ட்டின்தான், நைலான் கம்பி போட்டது. பிக்கார்டு, அதான் கீறல் விழாம முன்பக்கம் ஒட்டற தகடு, அது இல்லாத கிட்டார பிக்குங்கற சின்ன வில்லைய வச்சு அடிச்சு அடிச்சு சவுண்ட் ஹோலுக்கு பக்கத்துல இன்னொரு ஓட்டையே விழுந்துருச்சு, அதுக்கு பேரு கூட வச்சிருக்காரு ட்ரிக்கர்னு. அப்புறம் அயர்லாந்து கிட்டாரிஸ்ட் ரோரி கேலகர், அவரோட 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர்ங்கற ஃபெண்டர் எலக்ட்ரிக் கிட்டார்ல பெயிண்ட்டு பாதிக்கு மேல காணோம், வெறும் மரம் தெரியும். 1963ல நூறு பவுண்டுக்கு வாங்கினது, 2024ல லண்டன்ல ஏலம் விட்டப்ப எட்டே முக்கால் லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு. நம்ம காசுக்கு ஒன்பது கோடி சொச்சம்

செந்தில் சித்தப்பா: அது ரோரி கீறினது. அருண் கீறினதுக்கு ஒன்பது ரூபா எவன் குடுப்பான்

நான்: 💀

அம்மா: 😂😂

வித்யாக்கா: சித்தப்பா செம ஆனா பாயிண்ட் அது இல்ல

நான்: சித்தப்பா இன்னொன்னு தெரியுமா, ஃபெண்டர் கம்பெனிக்காரன் புது கிட்டார வேணும்னே தேய்ச்சு கீறி துரு பிடிக்க வச்சு ரெலிக்னு பேரு போட்டு அதுக்கு கூடுதல் ரேட்டு வைக்கறான்

செந்தில் சித்தப்பா: காசு குடுத்து கீறலா? கிழிஞ்ச ஜீன்ஸ் கேஸுதான் இதுவும். அப்ப நீ அண்ணனுக்கு ஃப்ரீயா பண்ணி குடுத்திருக்க 🤣

பெரியப்பா: எல்லாரும் பேசி முடிச்சாச்சா

சுமதி அத்தை: மூணு நாள்னு நெனச்சேன் முக்கா மணி நேரம்தான்

பெரியப்பா: ஆக்ஸ்ஃபோர்ட்ல ஆஷ்மோலியன்னு ஒரு மியூசியம். அங்க ஸ்ட்ராடிவாரிங்கற இத்தாலிக்காரரு 1716ல பண்ணின வயலின் ஒன்னு இருக்கு, மெசையான்னு பேரு, 300 வருஷம் தாண்டியும் நேத்து பண்ணின மாதிரி இருக்கும், ஏன்னா அத யாரும் வாசிக்கறது இல்ல. வயலின் பண்றவன் பூரா அத பார்த்துதான் ஒரிஜினல் வார்னிஷ் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கறான். பத்திரமா வைக்கறது பைத்தியக்காரத்தனம் இல்ல

வித்யாக்கா: சரி அப்பா, ஆனா அது உலகத்துல ஒன்னே ஒன்னு. டி-28 இன்னைக்கும் ஃபேக்டரியில பண்ணிட்டே இருக்கான். அதோட பகனினின்னு பழைய வயலின் மேதை வாசிச்ச வயலின இத்தாலியில ஜெனோவா ஊர்ல வச்சிருக்காங்களே, அத அப்பப்ப வெளிய எடுத்து ஆள விட்டு வாசிக்க வைக்கறாங்க. அதுவும் மியூசியம் பொருள்தான்

பெரியப்பா: உலகத்துக்கு ஆயிரம் இருக்கும். எனக்கு ஒன்னு

(கொஞ்ச நேரம் யாரும் ஒன்னும் போடல. பெரியப்பா டைப்பிங்னு மட்டும் காட்டிட்டே இருந்துச்சு.)

பெரியப்பா: 2002ல நியூஜெர்சி ப்ராஜக்ட்ல இருந்தப்ப பக்கத்து மாநிலம் பென்சில்வேனியால நாசரேத்ங்கற ஊருக்கு கார்ல போனோம், மார்ட்டின் ஃபேக்டரி அங்கதான், போறவங்கள சுத்திக் காட்டுவான். ஒரு இடத்துல பலகை அடுக்கி வச்சிருந்துச்சு, கருஞ்சிவப்பு, ரேகை ஓடிக்கிட்டு, என்ன மரம்னு கேட்டா இந்தியன் ரோஸ்வுட்ங்கறான். நம்ம ஈட்டி. முன்னாடி பிரேசில் மரத்துலதான் பண்ணிட்டு இருந்தானாம், அவங்க ஏத்துமதிய நிறுத்தினதும் 1969லேந்து நம்ம ஊரு ஈட்டிக்கு மாறிட்டான். மேற்குத் தொடர்ச்சி மலையில நின்ன மரம் கப்பலேறி அங்க போயி கிட்டாராகி நிக்குது, எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. ஊருக்கு வர்றதுக்குள்ள ஓவர்டைம் பாத்து வாங்கிட்டேன். அது ஒரு பொருள்னு எனக்கு தோணவே இல்ல, கூட்டிட்டு வந்த மாதிரிதான்

சுமதி அத்தை: அண்ணே அப்பா கட்டிலும் ஈட்டிதானே

பெரியப்பா: அதான்

சுமதி அத்தை: அந்தக் கட்டில்ல நாம அஞ்சு பேரும் குதிச்சோம், நீ காம்பஸ் வச்சு கால்ல உன் பேர கீறின, அப்பா விசிறிக் காம்பால நாலு போட்டாரு. இன்னைக்கும் அந்தக் கட்டில்லதான் நான் படுக்கறேன். உன் பேரு இருக்கு

பெரியம்மா: இது எனக்கு யாரும் சொல்லல 😄

செந்தில் சித்தப்பா: அண்ணே நீங்களுமா

பெரியப்பா: சின்ன வயசு

நான்: பெரியப்பா எனக்கும் சின்ன வயசுதான்

அம்மா: வாய மூடு

பெரியம்மா: நான் ஒன்னு சொல்லட்டா. இவரு வருஷத்துக்கு ஒரு தடவ ஆயுத பூஜைக்கு வெளிய எடுப்பாரு, பொட்டு கூட பெட்டிக்குத்தான் வைப்பாரு, கிட்டார் மேல சந்தனம் பட்டா கறை ஆயிடுமாம். மத்த நாள்ல என்னைக்காவது எடுத்தா ரூம் கதவ சாத்திட்டு கட்டை விரலால மெதுவா தடவுவாரு, பக்கத்து ரூம்ல இருக்கற எனக்கே கேக்காது. போன ஞாயிறு நான் அடுப்படியில அப்பளம் பொரிச்சிட்டு இருந்தேன், அருண் அடிக்க ஆரம்பிச்சதும் ஜன்னல் கம்பி அதிருது. இவ்ளோ வருஷம் வீட்ல இருக்கு, அதுக்கு இப்படி ஒரு சத்தம் இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஒரு அப்பளம் கருகிப் போச்சு

வித்யாக்கா: அம்மா ❤️

நான்: பெரியம்மா அதுக்கு பேரே டிரெட்நாட், பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல் பேரு. சத்தத்துக்குன்னே பெரிய உடம்பா பண்ணினது

செந்தில் சித்தப்பா: போர்க்கப்பல பீரோவுல பூட்டி வச்சிருக்காரு எங்கண்ணன்

பெரியப்பா: ஓங்கி அடிச்சான்னு நான் ஒரு வார்த்த சொன்னேனா? சொல்லல. அடிக்கறதுக்குத்தான் முன்பக்கம் பிக்கார்டு ஒட்டியிருக்கு, ஃப்ரெட், அதான் கிட்டாரோட மெட்டு, தேஞ்சா மாத்திக்கலாம், கம்பி அறுந்தா வேற போடலாம். அதெல்லாம் வாசிச்சு வர்ற தேய்மானம், அந்த நெல்சன் கிட்டார் ஓட்டை கூட அப்படித்தான். பெல்ட் பக்கிளுக்கும் பாட்டுக்கும் என்னடா சம்பந்தம்? அந்தக் கீறல்ல எந்தப் பாட்டு இருக்கு? எனக்கு வயிறு எரியறது அதுக்குத்தான்

நான்: சரி பெரியப்பா. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல

வித்யாக்கா: ஃபேர் பாயிண்ட் அப்பா

பெரியப்பா: போன தடவ உங்க காலேஜ் ப்ரோக்ராமுக்கு உன் கிட்டார எங்க வச்சிருந்த

நான்: ஃப்ரெண்டு கார்ல

பெரியப்பா: எவ்ளோ நேரம்

நான்: சாப்ட போனோம். ஒரு ரெண்டு மணி நேரம்

பெரியப்பா: மத்தியானமா

நான்: ஆமா

பெரியப்பா: ஆறு கம்பியும் சேந்து எழுவது கிலோவுக்கு மேல இழுத்துக்கிட்டு நிக்குது. அந்த இழுவைய தாங்கறது பிரிட்ஜுக்கு, அதான் கம்பிய மாட்டற கட்டைக்கு, அடியில இருக்கற பசை. மூடின காருக்குள்ள வெயில்ல வச்சா பசை இளகும், பிரிட்ஜ் தூக்கும், மேல் பலகை உப்பும். அத்தை வீட்டு மெழுகு கதைதான். கீறலாவது அழகு கெடும், இது கிட்டாரே போயிடும்

செந்தில் சித்தப்பா: அப்ப ஏசியில வச்சா போச்சு

பெரியப்பா: அதுவும் ஆகாது. ராத்திரி பூரா ஏசி ஓடினா காத்துல ஈரம் இறங்கிடும், மரம் சுருங்கி வெடிக்கும். 45லேந்து 55 சதவீதம் ஈரப்பதம் வேணும். பெட்டிக்குள்ள சின்ன மீட்டர் ஒன்னு போட்டு வச்சிருக்கேன் தினம் பாப்பேன்

பெரியம்மா: என் பிரஷர் மீட்டர என்னைக்காவது பார்த்திருக்காரா கேளுங்க

சுமதி அத்தை: 🤣🤣🤣

ஞாயிறு, காலை 6:40

பெரியப்பா: @அருண் கல்ச்சுரல்ஸ் என்னைக்கு

நான்: (இவ்ளோ காலையிலயா) 14ம் தேதி பெரியப்பா சனிக்கிழமை

பெரியப்பா: 8ம் தேதி திருச்சி வா. புது கம்பி வாங்கிட்டு வா, மெல்லிசு, லைட் கேஜ், 12ம் நம்பர் செட். பழசு துரு. எனக்கு முன்னாடி ஒரு நாள் பூரா வாசி, நிறுத்தாம, எப்படி அடிக்கறன்னு பாக்கணும்

நான்: பெரியப்பா 😭😭😭 தேங்க்யூ

அம்மா: மாமா நல்லா யோசிச்சுக்கங்க

பெரியப்பா: ராத்திரி பூரா யோசிச்சாச்சு. பஸ்ல வேணாம், ட்ரெயின்ல பெட்டியோட உன் பெர்த்துல வச்சுக்க

நான்: அப்ப நான் எங்க படுக்கறது

பெரியப்பா: உக்காந்து போ

செந்தில் சித்தப்பா: 😂

பெரியப்பா: கைக்கு கொசு க்ரீம் தடவிட்டு தொடாத. டீட்னு ஒரு மருந்து அதுல வரும், லாக்கர கரைச்சுடும், கை பட்ட இடத்துல அச்சு விழுந்துடும். காப்பு, மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டிடு. ரப்பர் வச்ச ஸ்டாண்டுல சாய்க்காத. சட்டையில பட்டன் இருக்கா

நான்: சட்டைன்னா பட்டன் இருக்கும் பெரியப்பா

வித்யாக்கா: டீஷர்ட் போட்டுக்கடா

பெரியப்பா: கீழ என்ன போடுவ

நான்: ஜீன்ஸ். பெல்ட் சத்தியமா போட மாட்டேன்

பெரியப்பா: ஜீன்ஸுல அந்த செம்பு பட்டன் இருக்கும். இடுப்புல. அதே இடம்

நான்: ஆமால்ல

பெரியம்மா: வேட்டி கட்டிக்க சொல்லுங்க. பட்டனும் இல்ல பக்கிளும் இல்ல

பெரியப்பா: கரெக்ட். வேட்டி

நான்: பெரியப்பா நாங்க வாசிக்கறது ராக்

சுமதி அத்தை: அதனால என்ன, எங்கண்ணன் மாதிரியே இருப்ப. போட்டோ போடு

செந்தில் சித்தப்பா: இந்தக் கால பசங்களுக்கு இடுப்புல நிக்காது அண்ணே, மேல பெல்ட்டு கட்டுவானுங்க பாருங்க 🤣

நான்: வெல்க்ரோ வேட்டி இருக்கு என்கிட்ட, அது நிக்கும்

பெரியப்பா: வெல்க்ரோ கீறும்

பெரியப்பா: 8ம் தேதி வா. கட்ட சொல்லித் தரேன்