ஒரு நாள் ஸ்ட்ரைக்குக்குப் போகலாமா? 2019ல ஜாக்டோ-ஜியோ போராட்டத்துல இருந்த டீச்சர்ஸ் சொல்லுங்க

இடைநிலை_2012:
எல்லாருக்கும் வணக்கம். 2012ல வேலைக்குச் சேர்ந்த இடைநிலை ஆசிரியை நான். 2019ல ஜாக்டோ-ஜியோ (ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களோட கூட்டமைப்பு) ஸ்ட்ரைக் அப்ப பிரசவ லீவுல இருந்தேன், அதனால இதுவரைக்கும் எந்தப் போராட்டத்துக்கும் போனதில்ல. இப்ப சங்கத்துல ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம்னு பேச்சு ஓடுது. கோரிக்கை நியாயமான்னு எனக்கு யாரும் சொல்லவேண்டாம், 31.5.2009 வரைக்கும் சேர்ந்தவங்களுக்கு ஆறாவது ஊதியக்குழுல அடிப்படை 8,370, மறுநாள் 1.6.2009ல இருந்து சேர்ந்தவங்களுக்கு 5,200, அதே படிப்பு அதே வேலை, அந்த ஒரு நாளைத்தான் இன்னமும் சுமக்கிறேன். ஆனா வீட்டுக்காரர் 17பி (பெரிய தண்டனை வரைக்கும் போகக்கூடிய குற்றச்சாட்டு மெமோ) வந்தா என்ன பண்ணுவேன்னு கேக்கறார். எங்களுது ரெண்டு டீச்சர் ஸ்கூல் வேற, நான் போகலன்னா எச்எம் ஒருத்தரே அஞ்சு கிளாஸையும் பாக்கணும். சட்டத்தை நானே படிச்சுக்கறேன், போயிட்டு வந்தவங்களுக்கு எப்படி இருந்துச்சு?

கரும்பலகை:
மேடம், நான் ஹைஸ்கூல் மேத்ஸ். 2019 ஜனவரி 22 ஆரம்பிச்சு 30ம் தேதி வாபஸ் ஆகற வரைக்கும் ஒரு நாள் விடாம இருந்தேன். முதல் ரெண்டு நாள் பயமே தெரியாது, அவ்ளோ கூட்டம், மறியல் பண்ணுவோம், போலீஸ் வேன்ல ஏத்திட்டுப் போய் கல்யாண மண்டபத்துல உக்கார வைப்பாங்க, சாயங்காலம் விட்டுடுவாங்க. அப்புறம்தான் கஷ்டம். 25க்குள்ள வேலைக்குத் திரும்புங்கன்னு ஹைகோர்ட் சொல்லுது, 10,000 ரூபாய் சம்பளத்துல தற்காலிக ஆசிரியர் எடுக்கறோம்னு அரசு சொல்லுது, எங்க வாட்ஸ்அப் குரூப் அப்படியே அமைதியாயிடுச்சு. ஒவ்வொருத்தரா "சார் ஹவுசிங் லோன் இருக்கு, மன்னிச்சிடுங்க"ன்னு மெசேஜ் போட்டுட்டு டூட்டில ஜாயின் பண்ணாங்க. அன்னிக்கு அவங்க மேல வந்த கோபம் இப்ப எனக்கு இல்ல.

ஆனா என்னை உலுக்கினது மெமோ இல்ல, பத்தாவது பையன் ஒருத்தன் போன் பண்ணி "சார் நாளைக்கு ரிவிஷன் டெஸ்ட் இருக்கா"ன்னு கேட்டான் பாருங்க, அதான். பப்ளிக் எக்ஸாம் மார்ச்ல. ஸ்ட்ரைக் பத்தி அவன் ஒரு வார்த்தை கேக்கல. மண்டபத்து வாசல்லயே நின்னு அவனுக்கு ரெண்டு கணக்கு சொல்லிக் குடுத்தேன்.

ஒன்பது நாள் சம்பளம் போச்சு, கூட இருந்த சிலர் சஸ்பெண்ட், சிலருக்கு வேற ஸ்கூல். 2021ல அந்த நாட்களைப் பணிக்காலமா எடுத்துக்கிட்டாங்க. நடுவுல ரெண்டரை வருஷத்துக்கு மேல தபால் வந்தாலே வயித்தைக் கலக்கும், இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.

பழையவாத்தியார்:
அம்மா, நான் 2003 ஜூலை ஸ்ட்ரைக்ல டெஸ்மால, அதாவது தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்துல டிஸ்மிஸ் ஆனவன். 1,70,000 பேருக்கு மேல வேலை போச்சு, அதுல நானும் ஒருத்தன். பொண்ணு அப்ப ப்ளஸ் டூ. சுப்ரீம் கோர்ட் தலையிட்டதும் திரும்ப எடுத்தாங்க, ஆனா நிபந்தனையில்லாத மன்னிப்பும், இனிமே ஸ்ட்ரைக் பண்ணக்கூடாதுங்கற நடத்தை விதி 22ஐ மீறமாட்டேன்னு உறுதிமொழியும் எழுதிக் குடுக்கணும். குடுத்தேன். 25 வருஷமா பசங்க எழுதின மன்னிப்புக் கடிதம் எத்தனையோ வாங்கியிருக்கேன், அன்னிக்கு நான் எழுதினேன், இப்பவும் நெனச்சா தொண்டை அடைக்குது. ஆகஸ்ட்ல வந்த தீர்ப்புலயும் அரசு ஊழியருக்கு ஸ்ட்ரைக் பண்ண உரிமையே இல்லன்னுட்டாங்க, அதனால பயம் வேண்டாம்னு உனக்கு நான் பொய் சொல்லமாட்டேன்.

ஒண்ணு மட்டும் பண்ணாத, மெடிக்கல் லீவ் போட்டுட்டு வீட்ல உக்காராத. போனா போறேன்னு சொல்லிட்டுப் போ. சங்கம் குடுத்த ஸ்ட்ரைக் நோட்டீஸ் காப்பி ஒண்ணு கைல வெச்சுக்க.

உள்ளே_இருந்தவன்:
2019ல நான் போகல. ப்ரொபேஷன் முடியல, அப்பாவுக்கு டயாலிசிஸ். ஸ்ட்ரைக் நடந்த ஸ்கூல் நாள் எல்லாம் மூணு கிளாஸைச் சேத்து உக்கார வெச்சேன், பாடம் ஒண்ணும் நடக்கல, பசங்களைப் பாத்துக்கிட்டேன், அவ்ளோதான். திரும்பி வந்தவங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு மாசம் என்கிட்ட பேசல. அது வலிச்சது, ஆனா அவங்க சம்பளத்தை விட்டுட்டு கேட்டது எனக்கும் சேர்த்துதானேன்னு நெனச்சப்ப அதைவிட வலிச்சது. மேடம், நீங்க போறதா இருந்தா முன்னாடியே எச்எம் கிட்ட சொல்லிடுங்க, அன்னிக்குக் காலைல தெரியவந்தா அவர் பாடு திண்டாட்டம். அம்மா அப்பாங்ககிட்டயும் சொல்லுங்க, எங்க ஊர்ல யாரும் சொல்லல, கேட்ல வந்து சத்தம் போட்டாங்க.

இடைநிலை_2012:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. இதை அப்படியே வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன், சார் எழுதின மன்னிப்புக் கடிதம் வந்ததும் அவர் போனை வாங்கி திரும்ப ஒருதடவை படிச்சார், அப்புறம் ஒண்ணும் சொல்லல. நாளைக்கு எச்எம் கிட்ட பேசறேன். நான் போகலன்னாலும் அது என் முடிவு, போனாலும் என் முடிவுன்னு இருக்கணும், மெடிக்கல் லீவ் மட்டும் கிடையாது. பின்னம் இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன், அந்த ஒரு நாளைக்கு எச்எம் நடத்தற மாதிரி கணக்கு எழுதி வெச்சுட்டுப் போகணும்.