பேஸ்மேக்கர் வைத்தவருக்கு இதயத்தசை தளரப்போவதை முன்பே அறிய முடியுமா?

கேள்வி (கல்லிடைக்குறிச்சியிலிருந்து):
என் தந்தையாருக்கு வயது 71. முழுமையான ஹார்ட் பிளாக் (மேலறையின் மின்தூண்டல் கீழறைக்கு எட்டாத நிலை) என்று கண்டறிந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாளையங்கோட்டையில் நிரந்தர பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். அப்போது எக்கோவில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 60 சதவீதம். அதன்பின் மயக்கம் வரவில்லை. ஆனால் சில வாரங்களாக வயலுக்குப் போகையில் வரப்பில் நின்று மூச்சு வாங்குகிறார். மாலையில் செருப்பு வாரின் தடம் காலில் பதிந்து கிடக்கிறது. கருவியைச் சோதித்தவர்கள் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் தந்த தாளில் வி.பி. 98 சதவீதம் என்று உள்ளது. இதற்கும் மூச்சு வாங்குவதற்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி 1:
அண்ணாச்சி, தொடர்பு இருக்கக்கூடும். வி.பி. என்பது கீழறையைக் கருவி தூண்டிய துடிப்புகளின் பங்கு. இயல்பான இதயத்தில் மின்னோட்டம் தனக்குரிய பாதையில் விரைந்து இரு கீழறைகளையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுருக்கும். வலது கீழறையின் நுனியில் வைத்த கம்பி தூண்டும்போது அது தசை வழியாகவே மெதுவாகப் பரவுவதால், இடது கீழறையின் பக்கச்சுவர் பிந்திச் சுருங்குகிறது. ஒரே ஏற்றத்தை இருவர் தாளம் தவறி இறைப்பதுபோல உழைப்பு வீணாகி, சிலருக்கு நாளடைவில் தசை தளர்கிறது. பல ஆய்வுகளில் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு இவ்வாறு நேர்ந்துள்ளது. ஆகவே பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

யாருக்கு வரும் என்று உறுதியாகச் சொல்லும் ஒற்றைச் சோதனை கிடையாது. தூண்டல் 20 சதவீதத்தைத் தாண்டுவது, தூண்டிய துடிப்பின் கியூ.ஆர்.எஸ். (கீழறையில் மின்னோட்டம் பரவுவதை இ.சி.ஜி.யில் காட்டும் அலை) 150 மில்லிசெகண்டுக்கு மேல் அகன்றிருப்பது, கருவி வைக்கும் முன்பே பம்பிங் குறைந்திருப்பது, ஆணாக இருப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. என் கருத்தில், பேட்டரியை மட்டும் பார்த்துவிட்டு எக்கோ எடுக்காமல் அனுப்புவது பாதிச் சோதனைதான்.

மறுமொழி 2:
தூண்டலைக் குறைக்கும்படி கருவியை மாற்றியமைக்க முடியாதா? என் மாமனாருக்கு அப்படித்தான் செய்தார்கள்.

மறுமொழி 3:
உங்கள் மாமனாருக்குச் சைனஸ் கணுவில் (துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடத்தில்) கோளாறாக இருந்திருக்கலாம். அங்கே அது பொருந்தும். முழு ஹார்ட் பிளாக்கில் கீழறை கருவியை நம்பியே துடிப்பதால் குறைக்க வழியில்லை. பழைய எக்கோ அறிக்கையையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள்; இரவில் படுக்க முடியாமல் மூச்சுத் திணறினால் அன்றைக்கே போக வேண்டும். பம்பிங் 10 புள்ளிகளோ அதற்கு மேலோ குறைந்து 50 சதவீதத்துக்குக் கீழே வந்திருந்தால், இதய ரத்தக்குழாய் அடைப்பு போன்ற வேறு காரணங்களை விலக்கிவிட்டு, பேஸ்மேக்கரால் வந்த தளர்ச்சி என்று கருதுவார்கள். அப்போது இரு கீழறைகளையும் தூண்டும் கருவிக்கோ, இதயத்தின் இயல்பான மின்பாதையின் இடது கிளையைத் தூண்டும் முறைக்கோ மாற்றலாம். பலருக்குப் பம்பிங் கணிசமாக மீள்கிறது. ஹார்ட் பிளாக்கும் ஏற்கெனவே குறைந்த பம்பிங்கும் உள்ளவர்களுக்கு இரு கீழறைத் தூண்டலே மேல் என்று 2013-இல் வெளியான பிளாக் எச்.எஃப். ஆய்வு காட்டியது.