'நான் ஒன்றுமில்லாத பாவி' என்பது தாழ்மையா, வெறும் பழக்கமா?

கடைசிபெஞ்சு:
போன ஞாயிறு கோயிலில் (சர்ச்சில்தான்) சாட்சி நேரம், கர்த்தர் தங்களுக்குச் செய்ததை எழுந்து சொல்கிற நேரம். ஒரு பெரியவர் எழுந்து "அடியேன் புழு, தூசி, ஒன்றுக்கும் உதவாதவன்" என்று ஆரம்பித்து மகன் கட்டிய வீடு, பேத்திக்குக் கிடைத்த மெடிக்கல் சீட், கோயிலுக்குக் கொடுத்த ஆறு ஃபேன் என்று வந்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. ஃபேன் இறக்கையில் 'கர்த்தருக்கே மகிமை' சின்ன எழுத்தில், குடும்பப் பெயர் பெரிய எழுத்தில். (ஓடும்போது இரண்டும் தெரியாது, அது வேறு விஷயம்.) நம் ஆட்களுக்குப் 'பாவி' என்பது வணக்கம் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது, என்ன பாவம் என்று கேட்டுப் பாருங்கள், முறைப்பார்கள். பைபிளில் ரோமர் 12:3-ல் அப்போஸ்தலன் பவுல் தன்னை மட்டம்தட்டிக்கொள்ளச் சொல்லவில்லை, மிஞ்சி எண்ணாமல் தெளிவாக எண்ணச் சொல்கிறார், அவ்வளவுதான்.

பனங்காடு:
தம்பி, ஒரு பெரியவரைக் கேலி செய்வதில் என்ன தாழ்மை? லூக்கா 18-ல் இயேசு சொன்ன கதையில், மதச்சட்டத்தில் கறாரான பரிசேயனும் ஜெபத்தில் பட்டியல்தான் போட்டான், வாரத்தில் இரண்டு உபவாசம், சம்பாத்தியத்தில் தசமபாகம், அதோடு தூரத்தில் நின்ற ஆயக்காரனை (வரி வசூலிக்கிறவனை) காட்டி 'இவனைப் போல நான் இல்லை' என்றான். நீங்கள் இப்போது செய்ததும் அதுதானே? ஆயக்காரன் எந்தப் பாவத்தையும் பெயர் சொல்லவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு 'பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்' என்று ஒரே வரி. அவன்தான் நீதிமானாக வீட்டுக்குப் போனான்.

கடைசிபெஞ்சு:
சரி, அந்த அடி எனக்கு வேண்டியதுதான். ஆனால் அண்ணே, அடுத்த அதிகாரத்தைத் திருப்புங்கள். சகேயுவும் ஆயக்காரன்தான். அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று கணக்கோடு வந்தான். 'பாவிகளில் பிரதான பாவி நான்' என்ற பவுலும் அதற்கு இரண்டு வசனம் முன்னாலேயே தூஷித்தேன், துன்பப்படுத்தினேன், கொடுமை செய்தேன் என்று போட்டு உடைத்துவிடுகிறார்.

மெழுகுதிரி:
நான் கத்தோலிக்கப் பக்கம், உங்களைப் போல புராட்டஸ்டண்ட் இல்லை. இரண்டு பேரோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. எங்கள் அம்மா அப்பாவிடம் அடிவாங்கிக்கொண்டு இருந்த காலத்தில், ஒருவரிடம் ஆலோசனை கேட்டுப் போனார். 'உன்னைத் தாழ்த்திக்கொள்ளம்மா, உன் பாவத்தைப் பார்' என்றார்களாம். அம்மா அதை நம்பி, அடி விழுந்ததற்குத் தன்னிடம் காரணம் தேடித் தேடியே பதினைந்து வருடம் போனது. அப்படிப்பட்டவர்களிடம் போய் 'புழு' என்று சொல்லாதீர்கள், 139-ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டுங்கள், அதிசயமாய் உண்டாக்கப்பட்டேன் என்று வருகிறதே, அதை. ஸ்பெயின் நாட்டுப் புனிதையான அவிலா தெரேசம்மாள் 1577-ல் எழுதிய நூலில் தாழ்மை என்பதே உண்மையில் நடப்பதுதான் என்கிறார். அம்மா மேல் தப்பில்லை என்பது உண்மை. அதைச் சொல்வதும் தாழ்மைதான்.
பொதுவாக 'பாவி' என்று சொல்லித் தப்பிக்க எங்களிடம் வழி கிடையாது. சாவான பாவம், அதாவது கனமான பாவம் என்றால், குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் வகையும் சொல்லவேண்டும், எத்தனை தடவை என்றும் சொல்லவேண்டும்.

பனங்காடு:
அம்மா விஷயம் கேட்டு மனசு கஷ்டப்பட்டது, அப்படிச் சொன்னவர்கள் செய்தது தப்புதான். ஆனால் வகை, எண்ணிக்கை என்று பேசுகிறீர்களே, திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் செத்த தலித்துகளைக்கூடப் பிரித்து நடுவே சுவர் வைத்தார்களே, அதை எந்த வகையில் சேர்த்துப் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள்?

மெழுகுதிரி:
சுவர் எங்களுடையது, மறுக்கவில்லை. வகை தெரியாமல் இல்லை, அதைப் பாவம் என்றே நினைக்கவில்லை, அதுதான் கொடுமை. உங்கள் பக்கம் வரன் விளம்பரத்தில் 'ரட்சிக்கப்பட்ட மணமகன் தேவை, நம் இனம் மட்டும்' என்று வருகிறதே அண்ணே, அது என்ன சுவர்?

பனங்காடு:
இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன். போன மாதம் மகளுக்கு பயோடேட்டா அடிக்கக் கொடுத்தேன். அந்த வரியை நான்தான் சேர்க்கச் சொன்னேன், டிடிபி கடைப் பையன் மறந்துவிட்டான் என்று திரும்பப் போய் நின்று சேர்த்தேன். முழங்காலில் நின்று பாவி என்று சொன்ன ஒரு ஞாயிறுகூட இது ஞாபகத்துக்கு வந்ததில்லை. அதற்காக ஆயக்காரனைப் பற்றி நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடாது, அவன் ஒரே வரியில்தான் ஜெபித்தான்.

கடைசிபெஞ்சு:
அண்ணே, அந்த வரியை எடுத்துவிட்டீர்களா?

பனங்காடு:
இன்னும் இல்லை தம்பி. வீட்டில் பேசவேண்டும்.